கூட்டத்தின் குரலும் குருதியின் சுரப்பும்: கடற்பறவைத் தீவுகளில் வளர்ந்த ஒரு கேள்வியின் வரலாறு

ஒரு பறவை துணை தேடுவதும், எல்லை வகுத்து அண்டைப் பறவையை விரட்டுவதும், அடைகாப்பதும், குஞ்சுக்கு இரை கொண்டுவருவதும் அதன் உடலுக்குள் ஊறும் சில நீர்மங்களின் ஏவலால் நிகழ்கின்றன என்னும் கருத்து 1849-ஆம் ஆண்டிலேயே ஆய்வின் வழியாக உறுதிபெறத் தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் பெர்த்தோல்ட் ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு நடத்திய அந்த ஆய்வில், விந்தகங்கள் அகற்றப்பட்ட சேவல்கள் கூவுவதையும் போரிடுவதையும் பெட்டைகளை நாடுவதையும் விட்டொழித்தன. அகற்றிய விந்தகம் வயிற்றுக்குழிக்குள் வேறோர் இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்ட சேவல்களோ, பழைய நரம்புத் தொடர்பு ஏதும் எஞ்சாத நிலையிலும், இயல்பான சேவல்களாகவே வளர்ந்தன. நரம்பின் உதவியின்றி அந்த உறுப்பு தன் ஆணையைக் குருதியின் வழியாகவே உடலெங்கும் அனுப்புகிறது என்பது இதிலிருந்து விளங்கியது. இவ்வாறு சுரப்பிகளிலிருந்து குருதியில் கலந்து தொலைவிலுள்ள உறுப்புகளை இயக்கும் பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயர் 1905-இல் ஆங்கில உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கால் வழங்கலாயிற்று. ஆண்தன்மைக்குரிய ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் 1935-இல் காளையின் விந்தகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது.

அதன்பின் வந்த ஆண்டுகளில் ஊசியே ஆய்வாளரின் முதன்மைக் கருவியாயிற்று. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிளாட்வின் நோபிள் உள்ளிட்டோர் கடற்காகங்களுக்கும் கொக்கினப் பறவைகளுக்கும் ஹார்மோன் ஏற்றி அவற்றின் நடத்தையில் தோன்றும் மாற்றங்களைக் குறித்தனர். டெஸ்டோஸ்டீரோன் ஏற்றப்பட்ட இளம் கடற்காகங்கள், இயல்பாகச் சில ஆண்டுகள் கழித்தே வாய்க்க வேண்டிய முதிர்ந்த குரலையும் மிரட்டும் தோரணையையும் முன்கூட்டியே காட்டின. இந்த ஆய்வுகள் அனைத்திலும் காரணம் உள்ளிருந்து வெளியே செல்கிறது: சுரப்பி முதலில், நடத்தை பின்னர். பாடநூல்கள் இன்றும் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே கதையைச் சொல்கின்றன. ஆனால் அம்பின் முனை எதிர்த்திசையிலும் பாயக்கூடும் என்பதும், அதாவது சுற்றிலும் கூடியிருக்கும் பறவைகளே ஒரு பறவையின் சுரப்பியை இயக்கக்கூடும் என்பதும், ஆய்வுக்கூடத்துச் சேவலிடமிருந்து எழுந்திருக்க முடியாத எண்ணமாகும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கூட்டமாகவே கூடமைப்பவை என்பதால், கடற்பறவைகள் வாழும் தீவுகளே அந்த எண்ணத்துக்குத் தாய்நிலமாக அமைந்தன.

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால் சம்மர் தீவுக்கூட்டத்தில் பிரீஸ்ட் தீவு என்றொரு சிறு தீவு உள்ளது. மரம் வளராத, காற்றோயாத அந்தத் தீவில் 1936-ஆம் ஆண்டு பிராங்க் பிரேசர் டார்லிங் தம் மனைவியோடும் சிறு மகனோடும் குடியேறித் தங்கி, அங்கே கூட்டங்கூட்டமாகக் கூடமைக்கும் ஹெர்ரிங் கடற்காகங்களையும் அவற்றின் நெருங்கிய உறவான சிறிய கருமுதுகுக் கடற்காகங்களையும் கவனித்தார். எடின்பரோவில் விலங்கு மரபியல் நிறுவனம் ஒன்றின் பொறுப்பை வகித்தவர் அவர். அந்த மேசைப்பணியை உதறி, மலைச்சரிவில் செம்மான் கூட்டங்களைப் பின்தொடர்ந்து நடந்தபோதே, கூட்டமாக வாழ்தல் என்பதை உயிரினத்தின் உடலியலோடு சேர்த்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டாகியிருந்தது. தீவில் அவர் கண்டவற்றுள் இரண்டு அவரை ஆழமாகச் சிந்திக்க வைத்தன. பெரிய கூட்டங்களில் முட்டையிடுதல் சற்று முன்னதாகத் தொடங்கிக் குறைந்த நாள்களுக்குள் முடிந்துவிட்டது. சிறிய கூட்டங்களிலோ அது தாமதமாகத் தொடங்கி நெடுநாள் இழுத்தடித்தது. பெரிய கூட்டங்களில் பிறந்த குஞ்சுகளுள் பிழைத்தவற்றின் விகிதமும் மிகுதியாக இருந்தது.

இந்த இரண்டையும் இணைக்க அவர் 1938-இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த விளக்கம் இரண்டு படிகளைக் கொண்டது. குஞ்சுகள் ஏறத்தாழ ஒரே வேளையில் பொரிந்தால், அவற்றைத் தின்ன வரும் பகைகள் வயிறு நிரம்பிய பின்னும் எஞ்சும் குஞ்சுகள் பலவாக இருக்கும் என்பதும், அவை ஆபத்தான இளம்பருவத்தைக் கூட்டாகக் கடந்துவிடும் என்பதும் முதற்படி. அந்த ஒருமித்த காலக்கணக்கு எப்படி வாய்க்கிறது என்பதே இரண்டாவதும் துணிவுமிக்கதுமான படியாகும். அண்டைப் பறவைகளின் ஓயாத கூக்குரலும், துணையை நாடும் ஆட்டங்களின் காட்சியும், எல்லைச் சண்டைகளின் பரபரப்பும் கண்ணாலும் காதாலும் உள்வாங்கப்பட்டு, மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகின்றன. அது சுரக்கும் ஹார்மோன்கள் சூலகத்தையும் விந்தகத்தையும் முதிரச் செய்கின்றன. கூட்டம் பெரிதாக இருக்குமளவுக்குத் தூண்டலும் மிகுவதால் முதிர்ச்சியும் விரைந்து ஒருமிக்கிறது என்று அவர் கருதினார். வெற்று ஊகமாக மட்டும் இதனை அவர் சொல்லவில்லை. கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் 1920-களில் குளிர்காலத்துச் சிறு பறவைகளுக்கு மாலையில் மின்விளக்கு ஏற்றி வைத்து அவற்றின் இனப்பெருக்கச் சுரப்பிகளை வளரச் செய்திருந்தார். வெளியுலகின் ஒளி சுரப்பியை எட்டுமானால், வெளியுலகின் குரலும் அதனை எட்டக்கூடாதா என்னும் வினா அக்காலத்தில் எழுவது இயல்பே.

பிரேசர் டார்லிங்கிடம் இருந்த சான்று மெலிது என்பதை மறுப்பதற்கில்லை. அவர் ஒப்பிட்ட கூட்டங்கள் சிலவே, ஆண்டுகளும் சிலவே, ஒரு பறவையின் குருதியில் ஹார்மோன் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் வழி அன்று எவரிடமும் இல்லை. எனினும், பறவையின் உடலைத் தனித்தியங்கும் பொறியாகக் கொள்ளாமல், அண்டையாரின் இருப்புக்குச் செவிகொடுக்கும் ஒன்றாகக் கண்டதே அவருடைய பெருங்கொடை. பின்வந்த பல பத்தாண்டு ஆய்வு அவருடைய விடையைத் திருத்திக்கொண்டே அவருடைய கேள்வியைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

முதல் துணைச்சான்று மறு ஆண்டே கிடைத்தது. ஆங்கில விலங்கியலாளர் ஹாரிசன் மாத்யூஸ் 1939-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனித்து அடைக்கப்பட்ட பெண் புறா, மற்றொரு புறாவைக் கண்ணால் கண்டாலே முட்டையிடத் தலைப்பட்டது. கூண்டில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் சொந்த உருவத்தையே காட்டியபோதும் அது முட்டையிட்டது. இதனை விரித்து முழுமையாக்கியவர் அமெரிக்கரான டேனியல் லேர்மன். அவர் நியூயார்க்கில் இளைஞராக இருந்தபோது மேற்கூறிய நோபிளிடம் துணையாளராகப் பணிபுரிந்து, சிரிக்கும் கடற்காகம் எனப்படும் இனம் தன் முட்டையை அடையாளம் காணும் திறன் பற்றி அவரோடு சேர்ந்து 1940-இல் கட்டுரை எழுதியவர். கடற்காகக் கூட்டத்தில் தொடங்கிய ஆர்வத்தை அவர் பின்னாளில் நியூவர்க் நகரிலிருந்த தம் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்று, கழுத்தில் கருவளையமுடைய வளர்ப்புப் புறாவிடம் சோதித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஓர் ஆண் புறா தலைவணங்கிக் குரல்கொடுப்பதைக் கண்டும் கேட்டும் கொண்டிருந்த பெண் புறாவின் சூலகம் வளர்ந்தது. விந்தகம் நீக்கப்பட்டதால் அவ்வாறு ஆடாத ஆணைக் கண்ட பெண்ணிடம் அத்தகைய வளர்ச்சி தோன்றவில்லை. ஆகவே ஆணின் ஹார்மோன் ஆணின் நடத்தையை எழுப்புகிறது. அந்த நடத்தை பெண்ணின் ஹார்மோனை எழுப்புகிறது. பெண்ணின் மாறிய நடத்தை திரும்பவும் ஆணை மாற்றுகிறது. சுரப்பியும் நடத்தையும் மாறிமாறி ஒன்றையொன்று இழுத்துச்செல்லும் இந்தச் சங்கிலியில் எது முதல், எது முடிவு என்று கேட்பதே பொருத்தமற்றதாகிவிட்டது.

புறாக்கூண்டில் ஓர் இணையைப் பற்றித் தெளிந்த இந்த உண்மை ஆயிரக்கணக்கான இணைகள் நெருங்கிக் குடியிருக்கும் பாறைச்சரிவில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை அறியப் பறவைகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியிருந்தது. அதற்கு வாய்த்த இடம் வியப்புக்குரியது. இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் நார்த் ஷீல்ட்ஸ் என்னும் துறைமுக ஊரில் ஒரு மதுவடிப்பாலையின் கிடங்கு இருந்தது. கடலோரச் செங்குத்துப் பாறைகளின் குறுகிய விளிம்புகளில் கூடு கட்டும் கிட்டிவேக் என்னும் சிறு கடற்காகங்கள், அந்தக் கிடங்கின் சன்னல் விளிம்புகளையே பாறை விளிம்புகளாகக் கொண்டு குடியேறியிருந்தன. ஜான் கோல்சன் 1954-இல் அங்கு ஆய்வைத் தொடங்கினார். பாறையில் கயிற்றில் தொங்கினாலும் எட்டமுடியாத பறவைகளை இங்கே சன்னலுக்கு உட்புறத்திலிருந்தே அணுகலாம் என்பதால், ஒவ்வொரு பறவைக்கும் வண்ணக் கால்வளையம் இட்டு, எது எதனோடு இணைந்தது, எந்த நாளில் முட்டையிட்டது, மறு ஆண்டு அதே துணையிடம் திரும்பியதா என்பவற்றை முப்பது ஆண்டுக்கும் மேலாக அவரால் பதிவுசெய்ய முடிந்தது. கடற்பறவையின் குடும்ப வாழ்வு பற்றிய அறிவில் இந்தக் கிடங்குக்கு உள்ள இடம், பெயர்பெற்ற தீவுகள் பலவற்றுக்கும் இல்லை.

கோல்சன் தம் மாணவரோடு சேர்ந்து 1960-இல் வெளியிட்ட முடிவு பிரேசர் டார்லிங்கின் கொள்கையை நுட்பமாகத் திருத்தியது. முட்டையிடும் காலத்தை விரைவுபடுத்துவது கூட்டத்தின் மொத்த எண்ணிக்கையன்று, அடர்த்தியே. ஒரு பறவைக்கு அருகே எத்தனை கூடுகள் நெருங்கியுள்ளன என்பதே கணக்கு. ஒரே குடியிருப்பின் அடர்ந்த பகுதி முந்திக்கொள்ளவும் ஐதான பகுதி பிந்தவும் கூடும் என்றால், தூண்டல் என்பது ஆரவாரம் நிறைந்த பெருங்கூட்டத்திலிருந்து வருவதைவிடக் கைக்கெட்டும் தொலைவிலுள்ள சில அண்டையாரிடமிருந்தே வருகிறது என்று பொருள். 1966-இல் அவர் மற்றொன்றையும் காட்டினார்: சென்ற ஆண்டின் துணையோடு மீண்டும் சேர்ந்த பெண்கள், புதுத்துணை தேடிய பெண்களைவிட முன்னதாக முட்டையிட்டு மிகுதியான குஞ்சுகளை வளர்த்தன, முட்டை பொரியாமற் போன இணைகளே பெரும்பாலும் மறு ஆண்டு பிரிந்தன. பழகிய துணையின் அருகாமையே பெண்ணின் உடலை விரைந்து ஆயத்தப்படுத்துகிறது என்பது லேர்மனின் புறாக்கள் காட்டியதோடு இயைந்து நிற்கிறது. ஆனால் இவை அனைத்திலும் ஹார்மோன் என்பது முட்டையிட்ட நாளிலிருந்து உய்த்துணரப்பட்ட ஒன்றாகவே இருந்தது. எவரும் அதனை நேரில் அளந்து பார்த்திருக்கவில்லை.

அளக்கும் வழி நியூயார்க்கின் மருத்துவமனை ஒன்றில் பிறந்தது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களின் இறுதியில் உருவாக்கிய முறையில், கதிரியக்க அடையாளமிட்ட ஹார்மோனும் குருதியிலுள்ள ஹார்மோனும் ஒரே எதிர்ப்பொருளில் ஒட்டிக்கொள்ளப் போட்டியிடுகின்றன. அடையாளமிட்டது எவ்வளவு விலக்கப்படுகிறதோ அதனைக் கொண்டு குருதியிலிருந்த அளவு கணிக்கப்படுகிறது. இன்சுலினுக்கென எழுந்த இம்முறை பின்னர் பாலின ஹார்மோன்களுக்கும் விரிந்தபோது, சில துளிக் குருதியே போதும் என்றாயிற்று. பறவையைப் பிடித்து, இறக்கைச் சிரையில் துளிக் குருதி எடுத்து, உயிரோடு பறக்கவிடலாம் என்றாயிற்று. ஜான் விங்பீல்ட் 1970-களின் நடுவில் தம் வழிகாட்டி டொனால்ட் பார்னரோடு இதனைக் காட்டுப்பறவைகளுக்குப் பழக்கினார். களத்தில் இயற்கையாக வாழும் பறவையின் ஹார்மோனை அதன் நடத்தையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் தொழில் இவ்வாறு பிறந்தது.

அந்தத் தொழிலின் தொடக்ககாலச் சோதனைகளுள் ஒன்று கலிபோர்னியாவின் சான்டா பார்பரா தீவில் நிகழ்ந்தது. அங்கே மேற்குக் கடற்காகங்களின் கூடுகள் சிலவற்றில் வழக்கமான மூன்று முட்டைகளுக்கு மாறாக ஓர் ஈட்டுக்கு நான்கு முதல் ஆறு முட்டைகள் வரை இருப்பதை ஜார்ஜ் ஹன்ட்டும் மாலி ஹன்ட்டும் கண்டனர். அத்தகைய கூடுகளின் இரு பறவைகளும் பெண்களே என்றும், இணைகளுள் 14 விழுக்காடு வரை இவ்வகையினவாக இருக்கலாம் என்றும் 1977-இல் அவர்கள் வெளியிட்ட செய்தி பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இரு பெண்களும் எல்லை காத்தன, முறைவைத்து அடைகாத்தன, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இணைந்திருந்தன. ஒன்று சில வேளைகளில் ஆணுக்குரிய செயல்களையும் செய்தது. பழைய ஊசிக்கால மரபில் சிந்திப்பவர் இதற்குத் தேடும் காரணம் வெளிப்படையானது: அவற்றின் குருதியில் ஆண் ஹார்மோன் மிகுந்திருக்க வேண்டும். விங்பீல்டும் பிறரும் குருதியெடுத்து அளந்தபோது அவ்வாறு இல்லை. ஆண்களுக்குரிய அளவு டெஸ்டோஸ்டீரோன் அப்பெண்களிடம் காணப்படவில்லை. ஆணோடு இணைந்த பெண்களைப் போலவே அவை இருந்தன.

காரணம் கூட்டத்தின் அமைப்பில் இருந்தது. தீவில் இனப்பெருக்கத்துக்கு வந்த பெண்களைவிட ஆண்கள் குறைவு. தனித்து ஒரு பறவையால் முட்டையையும் எல்லையையும் ஒருங்கே காக்க முடியாது என்பதால், துணையற்ற பெண்கள் தம்முள் இணைந்தன. மைக்கேல் கோனோவரும் ஜார்ஜ் ஹன்ட்டும் வேறிரு கடற்காக இனங்களின் குடியிருப்புகளிலிருந்து ஆண்களை அகற்றிப் பார்த்தபோது அங்கும் பெண்–பெண் இணைகள் தோன்றின. 1984-இல் வெளியான இந்த ஆய்வு அக்காரணத்தை வலுப்படுத்தியது. ஆனால் சான்டா பார்பராவில் ஆண்கள் ஏன் குறைந்தன என்னும் கேள்வி ஹார்மோனைப் பின்வாசல் வழியாக மீண்டும் உள்ளே கொண்டுவந்தது. தென் கலிபோர்னியக் கடலில் அதற்கு முந்திய இருபதாண்டுகளாக டிடிடி என்னும் பூச்சிக்கொல்லியின் ஆலைக்கழிவு பெருமளவில் கலந்திருந்தது. மைக்கேல் பிரையும் சி. கே. டூனும் 1981-இல், கடற்காக முட்டைகளில் அக்காலக் கடலோர முட்டைகளில் காணப்பட்ட அளவுக்கு டிடிடி செலுத்தியபோது, ஆண் கருக்களின் இனப்பெருக்கச் சுரப்பியில் சூலகத்துக்குரிய திசு வளர்ந்ததைக் காட்டினர். பெண் ஹார்மோனைப் போலச் செயற்படும் அந்த நஞ்சு முட்டைக்குள்ளேயே ஆண்களைச் சிதைத்து, அவை வளர்ந்தபின் கூடமைக்க வராமற் செய்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். மனிதர் கடலில் கொட்டிய கழிவு ஒரு தீவின் குடும்ப அமைப்பையே மாற்றியிருக்கக்கூடும் என்னும் இந்தச் செய்தி, சூழல் வரலாற்றில் இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டிய ஒன்று. அந்த ஹார்மோன் குழப்பம் பெண்ணோடு பெண் இணைந்த பறவைகளின் உடலில் இல்லை. அங்கே வந்திருக்க வேண்டிய, வராமற்போன ஆண்களின் உடலில் இருந்திருக்கலாம்.

விங்பீல்ட் 1990-இல் தம் கூட்டாளிகளோடு முன்வைத்த அறைகூவல் கருதுகோள் இந்தப் போக்கின் பழுத்த வடிவம். டெஸ்டோஸ்டீரோன் ஆணைச் சண்டைக்கு ஏவுகிறது என்பதற்கு மாறாக, போட்டியாளர் எல்லைக்குள் நுழையும்போதுதான் அதன் அளவு உயர்கிறது என்றும், குஞ்சு வளர்க்கும் பொறுப்புடைய தந்தைகளிடம் ஏனைய வேளைகளில் அது தாழ்ந்தே இருக்கிறது என்றும் அவர்கள் விளக்கினர். பெரும்பான்மைக் கடற்பறவைகளில் தந்தையும் தாயும் சரிபாதியாகக் குஞ்சைப் பேணுவதால் இக்கருத்து அவற்றுக்கு நன்கு பொருந்துகிறது.

எனினும் ஹார்மோன் எப்போதும் சுற்றத்துக்குச் செவிசாய்க்கும் என்று கொள்வதும் பிழையாகும். அதற்குச் சான்று அன்டார்க்டிக்காவில் உள்ளது. அடேலி நிலப்பகுதியின் பாயின்ட் ஜியாலஜியில் வாழும் பேரரசப் பென்குயின்கள் பற்றிய பிரெஞ்சு ஆய்வுகள் புரோலாக்டின் என்னும் ஹார்மோனை மையமாகக் கொண்டவை. புறாவின் தீனிப்பையில் பால் சுரக்கச் செய்வதாக 1930-களில் அறியப்பட்ட இந்தப் பிட்யூட்டரி ஹார்மோன், பறவைகளில் அடைகாக்கும் இயல்போடும் குஞ்சைப் பேணும் இயல்போடும் பிணைந்தது. பல இனங்களில் முட்டையோ குஞ்சோ அழிந்தால் அதன் அளவு சரிந்துவிடும். பேரரசப் பென்குயினோ இரைக்காக வாரக்கணக்கில் கடலில் திரிந்து, குஞ்சின் தொடுகையும் குரலும் இன்றியே காலம் கழித்து, பின்னர் பனிமீது நெடுந்தொலைவு நடந்து திரும்ப வேண்டியது. எனவே குஞ்சு கண்முன் இல்லாதபோதும் குறையாத சுரப்பு அதற்கு வாய்த்திருக்கிறது. அதன் விளைவு துயரமானது. கடுங்குளிரில் குஞ்சை இழந்த பெற்றோரிடமும் பேணும் வேட்கை தணியாமையால், அவை பிறர் குஞ்சுகளைக் கவர்ந்து, ஒன்றோடொன்று போட்டியிட்டு இழுத்து, பெரும்பாலும் சிறிது காலத்திலேயே கைவிட்டுவிடுகின்றன. பிரெடரிக் ஆஞ்ஜலியே உள்ளிட்டோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், புரோலாக்டினைக் குறைக்கும் மருந்து ஏற்றப்பட்ட பென்குயின்களிடம் இந்தக் கவர்தல் குறைந்தது. தொலைவிலிருந்தும் தன் குஞ்சை மறவாத உடல், குஞ்சு இறந்ததையும் அறியாத உடலாகிவிடுகிறது.

அண்மைக்கால ஆய்வு பெற்றோரிடமிருந்து குஞ்சை நோக்கித் திரும்பியுள்ளது. தாய் தன் ஆண் ஹார்மோன்களை மஞ்சள்கருவில் வைத்து அனுப்புகிறது என்பதை 1993-இல் ஹூபர்ட் ஷ்வாபல் கேனரிப் பறவையில் கண்டறிந்தபின், நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் கருந்தலைக் கடற்காகத்தில் அதனைத் தொடர்ந்தனர். இறுதி முட்டையில் அளவு மிகுதி. பிந்திப் பொரியும் குஞ்சு மூத்தவற்றோடு போட்டியிட அது உதவுகிறது. ஹார்மோன் ஏற்றப்பட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் ஓங்கி இரந்து, விரைந்து வளர்ந்தன.

அலாஸ்காவின் கிட்டிவேக்குகளிடம் அலெக்சாண்டர் கிட்டாய்ஸ்கி, விங்பீல்ட், ஜான் பியாட் ஆகியோர் நடத்திய ஆய்வுகள் மற்றொரு ஹார்மோனைப் பற்றியவை. பசி, அச்சம் முதலிய நெருக்கடிகளில் அட்ரினல் சுரப்பி வெளியிடும் கார்ட்டிகோஸ்டீரோன் அது. பறவை பிடிபட்ட சில நிமிடங்களிலேயே அதன் அளவு உயரத் தொடங்கிவிடுவதால், மூன்று நிமிடங்களுக்குள் குருதியெடுப்பது இத்தொழிலின் விதி. கடலில் மீன் குறைந்த ஆண்டுகளில் இதன் அளவு உயர்ந்திருந்ததை 1999-இல் அவர்கள் காட்டினர். குஞ்சுகளின் தோலுக்கடியில் இதனைப் பதித்தபோது, அவை அடிக்கடி இரந்தன, அதற்கிணங்கப் பெற்றோர் மிகுதியாக இரை கொணர்ந்தன என்பது 2001-இல் வெளியான முடிவு. ஓர் உடலில் ஊறிய சுரப்பு குரலாகி வேறோர் உடலின் உழைப்பைக் கூட்டியது. ஆனால் 2003-இல் வெளியான தொடராய்வில், வளரும் பருவத்தில் இந்த ஹார்மோன் மிகுந்திருந்த குஞ்சுகள் பின்னர் உணவு எங்கிருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்வதில் பின்தங்கின. அலாஸ்கா வளைகுடாவின் மிடில்டன் தீவில், 1963-இல் கைவிடப்பட்ட விமானப்படை ராடார் நிலையத்தின் கோபுரத்தில் கிட்டிவேக்குகள் தாமாகவே குடியேறியிருக்கின்றன. அங்கே ஸ்காட் ஹாட்ச் 1990-களில் ஒவ்வொரு கூட்டுக்குப் பின்னும் ஒருபுறம் மட்டுமே தெரியும் கண்ணாடியைப் பொருத்தி, சில கூடுகளுக்குக் குழாய் வழியாக மீன் தந்து, சிலவற்றைக் கடலின் போக்கிலேயே விட்டு, பசி என்னும் ஒன்றை மட்டும் ஆய்வாளர் தம் கையால் கூட்டவும் குறைக்கவும் கூடிய குடியிருப்பாக அதனை ஆக்கினார். ஒரே சுவரில் அடுத்தடுத்து வாழும் நிறைவயிற்றுக் குடும்பமும் பசித்த குடும்பமும் தம் குருதியில் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது அங்கு ஆண்டுதோறும் அளக்கப்பட்டு வருகிறது.